பள்ளி திறக்கும்போது டீச்சருக்கு என்ன கொடுக்கலாம்? தங்கச்சிமடத்திலிருந்து ஒரு கேள்வி

தங்கச்சிமடம்_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ஒரு யோசனை வேண்டும்.

என் மகள் நாலாம் வகுப்புக்குப் போகிறாள். போன வருடம் அவளுக்கு வந்த டீச்சர் தேனிப் பக்கத்துக்காரர். கலந்தாய்வில் இடம் கிடைத்து இங்கே வந்தவர். அதற்கு முன் கடற்கரை ஊரில் இருந்ததே இல்லை. மகள் இரண்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் எழுத்துக் கூட்டவே திணறினாள். இந்த டீச்சர் மதியச் சாப்பாடு முடிந்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படிக்கவைத்தார். ஒரு நாளும் திட்டியதில்லை. போன மாதம் அவள் அப்பா கரையில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பரை எடுத்து வானிலைச் செய்தி முழுவதையும் வாசித்தாள். ‘காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்ற இடத்தில் மட்டும் நின்றாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து முடித்துவிட்டாள். அவர் வலை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வருடமும் அதே டீச்சர்தான் அவளுக்கு வகுப்பாசிரியர். பள்ளி திறக்கிற ஜூன் 2 அன்றே கையில் ஏதாவது கொடுக்கவேண்டும் என்று ஆசை. செப்டம்பர் 5 வரைக்கும் காத்திருக்க மனம் வரவில்லை. ஆனால் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும். நோட்டு, பை, செருப்பு என்று ஏற்கெனவே கடன்தான். முந்நூறு ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. பக்கத்து வீட்டு அக்கா சேலைதான் மரியாதை என்கிறார். முந்நூறு ரூபாய்ச் சேலையை எப்படிக் கொடுப்பது? உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

ஓலைப்பெட்டி_சாயல்குடி

அக்கா, சேலை வேண்டாம். நம்ம ராமநாதபுரம் மாவட்டத்திலேயே நல்ல பொருள் இருக்கிறது. இது பதநீர் இறங்குகிற காலம், புதுக் கருப்பட்டி வந்துகொண்டிருக்கிறது. மூடி போட்ட ஓலைப்பெட்டி ஒன்று வாங்கி, அதில் அரைக் கிலோ சுக்குக் கருப்பட்டி வைத்துக் கொடுங்கள். உங்கள் முந்நூறுக்குள் முடிந்துவிடும்.

எங்கள் அம்மா பெட்டி முடைகிறவர். வாங்கும்போது பார்க்கவேண்டியதைச் சொல்கிறேன். குருத்தோலையில் முடைந்ததாக இருக்கட்டும், முற்றிய ஓலை சீக்கிரம் வெடிக்கும். மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள், இறுக்கமாகப் பிடிக்கவேண்டும். விளிம்பில் விரலை ஓட்டினால் ஓலை நுனி குத்தக்கூடாது. சாயம் போட்ட பெட்டி என்றால் ஈரத்துணியால் ஒரு மூலையைத் துடைத்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் விட்டுவிடுங்கள். கருப்பட்டியில் சீனி கலப்பது நிறைய நடக்கிறது, அதனால் காய்ச்சுகிற ஆளிடமே வாங்கினால் நல்லது. கடல் காற்றில் கருப்பட்டி கசியும் என்பதை டீச்சரிடம் சொல்லிவிடுங்கள். தேனியில் வைக்கிற மாதிரி இங்கே திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் பிசுபிசுத்துவிடும். எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே பரணில்தான் இருக்கும்.

கருப்பட்டி தீர்ந்த பிறகு பெட்டி அவர் மேசையில் இருக்கும்.

மண்டபம்_முனை

கருப்பட்டி நல்ல யோசனை. நான் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் வெளியூர் டீச்சர் என்றதும் நம் ஆட்கள் முதலில் தேடுவது இதைத்தான். பவளப்பாறைத் துண்டு, காயவைத்த கடல்குதிரை, கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் விசிறி, இவை எதையும் கொடுத்துவிடாதீர்கள். எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை. கரையில் ஒதுங்கிக் கிடந்ததுதானே என்றால் செல்லாது, கையில் வைத்திருந்தாலே குற்றம். மண்டபம், ராமேசுவரம் தீவுகளிலிருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். அந்தப் பவளத்திட்டுகளில்தான் நாம் பிடிக்கிற பல மீன்களின் குஞ்சு வளர்கிறது. அதை உடைத்து அன்பளிப்பாகக் கொடுப்பதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. டீச்சர் அந்தப் பொருளோடு ஊருக்குப் போகும்போது சோதனையில் மாட்டினால் அவர் வேலைக்கும் சிக்கல்.

தொண்டி_வாத்தியார்

அம்மா, நான் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். கடற்கரைப் பள்ளிகளிலேயே என் சர்வீஸ் போனது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். உங்கள் டீச்சர் அரசுப் பள்ளி ஆசிரியர் என்றால் 1973-ம் வருடத்து தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவருக்குப் பொருந்தும். பரிசு வாங்குவதற்கு அதில் கட்டுப்பாடு உண்டு. இந்த வருடமும் உங்கள் மகளுக்கு அவர்தான் மதிப்பெண் போடப்போகிறார். ஆகவே சேலை, கொலுசு, பணம் வைத்த கவர் எதுவும் வேண்டாம். நீங்கள் நல்ல மனதோடு கொடுப்பீர்கள், வாங்குகிறவருக்குத்தான் கை கூசும். வேண்டாம் என்று சொன்னால் உங்கள் முகம் வாடும் என்பதற்காகவே வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் இருந்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது, கடற்கரை வகுப்பறைக்கு என்ன தேவை என்பது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. இங்கே உப்புக் காற்றில் எதுவும் நிற்காது. குண்டூசி ஒரு மழைக்காலம் தாங்காது, துரு இறங்கித் தாளில் பழுப்பு வளையம் விழும். ஸ்டேப்ளர் இறுகிப்போகும். பீரோவின் அடித்தகடு முதலில் போகும், பிறகு கரையான் வரும். மே மாதம் பூட்டிவிட்டுப் போன வகுப்பை ஜூனில் திறந்தால், போன வருடம் ராத்திரி உட்கார்ந்து வரைந்த சார்ட்டெல்லாம் அலை அலையாகச் சுருண்டு கிடக்கும். அதோடு ஜூனில் மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று வேறு. ஜன்னலைத் திறந்தால் மணலும் வரும், மேசையில் இருக்கிற விடைத்தாளும் பறக்கும். ஜன்னலை மூடினால் பிள்ளைகள் வெந்துவிடுவார்கள்.

ஒன்று முதல் ஐந்து வரைக்கும் இப்போது எல்லாமே அட்டை, படம், செயல்பாடு என்றுதான் பாடம். அந்த அட்டைகளைப் பல டீச்சர்கள் சொந்தக் காசில் செய்கிறார்கள். என்னிடம் கேட்டால், ரப்பர் வளையம் வைத்து இறுக்கமாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கிக் கொடுங்கள். படுக்கைவாட்டில் ஏ-4 தாள் போகிற அளவு. அவர் செய்த அட்டைகள் அடுத்த ஜூனிலும் அப்படியே இருக்கும். மிச்சக் காசுக்குத் துருப்பிடிக்காத பிளாஸ்டிக் கிளிப் ஒரு பாக்கெட். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் அவர் தினமும் கையில் எடுக்கிற பொருளாக இருக்கும்.

பேனா வேண்டாம். ஆசிரியர்களுக்குப் பேனா பஞ்சமே இல்லை.

கீழக்கரைவாசி

சலாம். நான் துபாயில் இருக்கிறேன், பிள்ளைகள் ஊரில் படிக்கிறார்கள். வாத்தியார் சார் சொன்னதில் ஒரு பாதியோடு எனக்கு உடன்பாடு, இன்னொரு பாதியில் இன்னும் கொஞ்சம் கடுமையாக இருக்கவேண்டும் என்பது என் கருத்து.

அப்துல் கலாம் பல கூட்டங்களில் சொன்ன சம்பவம் நம்ம பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருடைய வாப்பா (அப்பா) ஜைனுலாப்தீன் ராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவராக ஆன சமயம். யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, வாப்பா இல்லாத நேரத்தில் பையனிடம் தட்டோடு வேட்டியும் பழமும் இனிப்பும் வைத்துவிட்டுப் போனார். வாப்பா வந்து பார்த்ததும் பையனை அடித்துவிட்டார். பதவியில் இருக்கிறவனுக்கு வருகிற அன்பளிப்புக்குப் பின்னால் ஒரு நோக்கம் இருக்கும், அதைத் தொடாதே என்று பிறகு உட்காரவைத்து விளக்கினார். கலாம் கடைசி வரைக்கும் அதை மறக்கவில்லை.

ஆகவே நடப்பு வருடத்து வகுப்பாசிரியருக்குத் தனியாக எதுவுமே கொடுக்கக்கூடாது என்பேன். கொடுப்பதென்றால் பள்ளிக்குக் கொடுங்கள், தலைமையாசிரியர் முன்னால், மேலாண்மைக் குழுவுக்குத் தெரிந்து. வகுப்பு முடிந்து பிள்ளை வேறு பள்ளிக்குப் போன பிறகு டீச்சர் வீட்டுக்குப் போய் ஒரு டப்பா தொதல் இனிப்பு கொடுத்துவிட்டு வாருங்கள். அப்போது யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. எங்கள் வீட்டில் அப்படித்தான் வழக்கம்.

பரமக்குடி_டீச்சர்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொல்வது புரிகிறது. ஆனால் நான் இப்போது வேலையில் இருக்கிற ஆசிரியை, கடற்கரைப் பள்ளிக்குத் தினமும் போய்வருகிறவள். எங்கள் பக்கத்தையும் சொல்லவிடுங்கள்.

பொருளை விட எனக்குப் பயமாக இருப்பது, எல்லாப் பிள்ளைகளும் பார்க்க ஒரு பிள்ளை கொடுப்பது. ஒரு வருடம் முதல் நாளில் ஏழெட்டுப் பிள்ளைகள் சாக்லேட், பொம்மை, சுவர்க்கடிகாரம் என்று வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ஒரு பையன் சட்டைப் பையில் கைவிட்டு ஒரு மிட்டாயை எடுத்து, மற்றவர்கள் கையைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள்ளேயே போட்டுக்கொண்டான். அன்றைக்கு முழுவதும் அவன் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அதிலிருந்து வகுப்பில் யாரும் எதுவும் கொடுக்கக்கூடாது என்று பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே அக்கா, என்ன கொடுத்தாலும் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே சாயங்காலம் மணி அடித்த பிறகு வாருங்கள். தலைமையாசிரியர் அறையில் வைத்துக் கொடுங்கள்.

என்னிடம் இன்னும் பத்திரமாக இருப்பவை கடிதங்கள்தான். இரண்டே வரி என்றாலும் சரி. ‘பிள்ளை இப்போது நன்றாகப் படிக்கிறாள், நன்றி’ என்று எழுதாதீர்கள். நீங்கள் மேலே எழுதினீர்களே, கரையில் அப்பாவுக்கு வானிலைச் செய்தி வாசித்தது, அவர் ஊசியைக் கீழே வைத்தது. அதை அப்படியே எழுதுங்கள். வகுப்பறைக்கு வெளியே நாங்கள் சொல்லிக்கொடுத்தது என்ன ஆகிறது என்று எங்களுக்குத் தெரிய வழியே இல்லை.

இன்னொன்று. பரமக்குடியிலிருந்து வந்த எனக்கே முதல் வருடம் இந்த ஊர் புரியவில்லை. சில நாள் காலையில் பாதி வகுப்பு தூங்கி வழியும். சில நாள் பத்துப் பேர் வரமாட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அப்போது யாராவது ஒருவர் ஊரைப் பற்றி எனக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் அதைவிடப் பெரிய பரிசு வேறு இருந்திருக்காது.

பாம்பன்_காற்று

டீச்சர் சொன்ன கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. காசே ஆகாது. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். நீங்களும் மகளும் சேர்ந்து ஊரை எழுதிக் கொடுங்கள். வெளியூர் டீச்சருக்குத் தெரியவேண்டியவற்றில் எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், மற்றதை நீங்கள் சேருங்கள்.

ராமேசுவரம் பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி தொழிலுக்குப் போகும், மறுநாள் காலையில் கரைக்கு வரும். அந்தக் காலையில் வீடே பரபரப்பாக இருக்கும். பெரிய பிள்ளைகள் மீன் பிரிக்க நிற்பார்கள், பள்ளிக்குத் தாமதமாகும். நோட்டு, சுற்றுலா என்று காசு கேட்பதானால் படகு வந்த நாளில் கேட்டால் கொடுப்பார்கள், போகிற நாளில் கேட்டால் கையில் இருக்காது. கடல்பாசி எடுக்கிற வீடுகளில் அம்மா விடியுமுன்பே கிளம்பிவிடுவார், அந்தப் பிள்ளை தலை வாராமல் வந்தால் திட்டக்கூடாது. இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த செய்தி வந்த அன்று அந்தத் தெருப் பிள்ளைகளிடம் வீட்டுப்பாடம் கேட்காமல் இருந்தால் புண்ணியம். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா சமயத்தில் வகுப்பில் ஆள் குறையும். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பெற்றோர் கூட்டத்துக்கு நல்ல நாள் அதுதான்.

காற்றையும் எழுதுங்கள். வாடை வடக்கிலிருந்து வரும், கொண்டல் கிழக்கிலிருந்து, கச்சான் மேற்கிலிருந்து, சோழகம் தெற்கிலிருந்து. பாடத்தில் திசை வரும்போது பிள்ளைகள் இப்படித்தான் பதில் சொல்வார்கள். பின்பக்கத்தில் மகளை மீன் படம் வரையச் சொல்லுங்கள். காரல், முரல், நகரை, ஊளி, திருக்கை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அவள் கையெழுத்தில் பெயர். டீச்சர் சொல்லிக்கொடுத்த எழுத்துதானே அது.

குடை மட்டும் வாங்கிக் கொடுக்காதீர்கள். பாம்பனில் குடை பிடித்தவர் யாரும் அதை முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை.

உச்சிப்புளிக்காரன்

எல்லாம் நல்ல யோசனை. எனக்கு ஒரு கேள்வி. ஒரே வீடாகக் கொடுப்பதற்குப் பதிலாக வகுப்புப் பெற்றோர் எல்லாரும் ஆளுக்கு ஐம்பது ரூபாய் போட்டு ஒரு நல்ல மின்விசிறியோ தண்ணீர் சுத்திகரிப்பானோ வாங்கலாமே? நம் பக்கம் தண்ணீர் உப்பு. டீச்சரும் குடிப்பார், பிள்ளைகளும் குடிப்பார்கள்.

தொண்டி_வாத்தியார்

தம்பி, யோசனை சரி, நேரம் சரியில்லை. தடைக்காலத்தில் ஐம்பது ரூபாய் கேட்டு ஒரு வீட்டு வாசலில் நின்றால், இல்லை என்று சொல்ல அந்த அம்மாவுக்குக் கூசும், கடன் வாங்கிக் கொடுப்பார். அது மட்டும் கூடாது. சுத்திகரிப்பான் மாதிரிப் பெரிய பொருளை ஆடி ஆவணிக்குப் பிறகு, தொழில் நடக்கும்போது, பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுச் செய்யலாம். நீங்களே அந்தக் குழுவில் முன்னெடுங்கள். வெளியூரில் இருக்கிறவர்கள் அரசுப் பள்ளிக்கு உதவ அரசாங்கமே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்று வழி வைத்திருக்கிறது. கீழக்கரைத் தம்பிக்கு அது பொருந்தும்.

கீழக்கரைவாசி

கண்டிப்பாக சார், விசாரிக்கிறேன். நோட்டு யோசனையைப் படித்த பிறகு என் பேச்சில் கொஞ்சம் மாற்றம். அதை வாப்பா ஜைனுலாப்தீனே வேண்டாம் என்று சொல்லியிருக்கமாட்டார். கலாமும் தன் ஐந்தாம் வகுப்பு ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயரை எத்தனை மேடையில் சொன்னார்! பறவை எப்படிப் பறக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டு, அது போதாது என்று பிள்ளைகளைக் கடற்கரைக்கே கூட்டிப்போய்க் காட்டியவர். குடியரசுத் தலைவர் ஆன பிறகும் அந்தப் பெயரை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாரே, ஆசிரியருக்கு அதைவிட என்ன கொடுக்கமுடியும்? பெட்டி, கருப்பட்டி விஷயத்தில் மட்டும் என் கருத்து அதேதான். தனியாக வேண்டாம்.

தங்கச்சிமடம்_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நோட்டு எழுத ஆரம்பித்துவிட்டோம். மகள் திருக்கைக்கு வால் நீளமாகப் போட்டு அடுத்த பக்கம் வரைக்கும் இழுத்துவிட்டாள், அப்படியே விட்டுவிட்டேன். வீட்டுக்காரரும் உட்கார்ந்து காற்றுப் பக்கத்தைச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எந்தக் காற்றில் எந்த மீன் படும் என்று அவர் சொன்னது எனக்கே புதுசு.

கடிதம்தான் வரவில்லை. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத உட்கார்ந்தால் ‘மதிப்பிற்குரிய’ என்பதோடு நின்றுவிடுகிறது.

பரமக்குடி_டீச்சர்

‘மதிப்பிற்குரிய’ வேண்டாம் அக்கா. ‘டீச்சர்,’ என்று ஆரம்பியுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே. என்றைக்கு, எங்கே, மகள் என்ன வாசித்தாள், அப்பா என்ன செய்தார். முடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத்துப்பிழையைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், திருத்துவதற்காக யாரும் கடிதத்தைப் படிப்பதில்லை. இந்த வருடம் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கடைசியில் சேர்க்காதீர்கள். அந்த ஒரு வரி வந்தால் நன்றி கோரிக்கையாகிவிடும்.

தங்கச்சிமடம்_அம்மா

பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

சாயங்காலம் நாலே கால் மணிக்குப் போனேன். தலைமையாசிரியர் அறையில் டீச்சரும் இருந்தார். நோட்டு, கடிதம், வாத்தியார் ஐயா சொன்ன டப்பா, மூன்றையும் கொடுத்தேன். டப்பா இருநூற்றைம்பது ரூபாய், அதைப் பள்ளிக்கு என்று சொல்லியே கொடுத்தேன், தலைமையாசிரியர் இருப்புப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். கருப்பட்டி வாங்கவில்லை. கீழக்கரை அண்ணன் சொன்னது மனதில் இருந்தது. டீச்சர் மாறுதலாகிப் போகும்போது சாயல்குடித் தங்கச்சியிடமே பெட்டி வாங்கிக்கொள்கிறேன்.

கடிதத்தை அவர் அப்போது பிரிக்கவில்லை. நோட்டைப் புரட்டி, படகு போகிற நாள் எழுதியிருந்த பக்கத்தில் நின்று, “அதனால்தான் செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கிறதா?” என்று கேட்டார். தலைமையாசிரியரிடம் காட்டி, செவ்வாய், வியாழன் முதல் பாடவேளையில் கணக்கை வைக்காமல் கதை நேரம் வைத்துக்கொள்ளலாமா என்று பேசினார்கள். தடைக்காலம் முடிந்து படகு போக ஆரம்பித்ததும் மாற்றிப் பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் வகுப்பில் நோட்டைக் காட்டி, இதில் எழுதாத மீன் யாருக்குத் தெரியும் என்று கேட்டிருக்கிறார். இப்போது ஆளுக்கு ஒரு பக்கம் என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். மகளுக்கு முதலில் கொஞ்சம் வருத்தம், தன் நோட்டில் மற்றவர்கள் எழுதுகிறார்களே என்று. நண்டுப் பக்கம் இவளுக்கே என்று டீச்சர் ஒதுக்கிக் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

பாம்பன்_காற்று

அக்கா, நண்டுக்கு வீட்டுக்காரரைக் கேளுங்கள். புள்ளி நண்டு, மூன்று புள்ளி நண்டு, சிலுவை நண்டு மூன்றும் ஓட்டில் வேறு வேறு குறி. சிலுவை நண்டு வரைந்தால் முதுகில் இருக்கிற அடையாளத்தை மகள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டு நிறைந்ததும் சொல்லுங்கள், பிளாஸ்டிக் உறை போட்டு பைண்டிங் செய்கிற கடை பாம்பனில் தெரிந்த இடம் இருக்கிறது. உப்புக் காற்றுக்கு அட்டை மட்டும் தாங்காது.